மலையேறுகிறவருக்கு எந்த ஜெக்கெட்?

நுவரெலியா பேல் பஜாரில் தொங்கும் தடித்த ஜெக்கெட்டுகளில் பல பனிச்சறுக்குக்காகத் தைக்கப்பட்டவை. பனி விழாத நாட்டில் அவை இப்படிக் குவிந்து கிடப்பதில் வியப்பில்லை. வெளிநாட்டு முத்திரைகளுக்கு உடுப்புத் தைப்பது இலங்கையின் பெரிய ஏற்றுமதித் தொழில். ஓடரில் மிஞ்சியது, தையல் பிசகி ஒதுக்கியது, எங்கோ யாரோ உடுத்திக் கழித்தது எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து சேரும் இடம் இந்த பஜார். ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் குளிருக்கு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு கிரகரி வாவியைச் சுற்றி வருவார்கள். அவர்களுக்கு எந்த ஜெக்கெட்டும் போதும்.

இந்த விமர்சனம் நடக்கிறவர்களுக்கு. நல்லதண்ணியிலிருந்து இரவில் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள், ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து கிரிகல்பொத்தைக்குப் போகிறவர்கள், கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா பீட்ரூ வரை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெக்கோ பாதையில் தேயிலைக்குள் இறங்குகிறவர்கள். இவர்கள் அதே கடையில் நின்று, அதே கொக்கியில் தொங்கும் இரண்டு ஜெக்கெட்டில் சரியானதை எடுக்க வேண்டும்.

இரண்டு என்று சொல்லக் காரணம் உண்டு. பனிச்சறுக்கில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் கேபிள் காரில் உட்கார்ந்து மேலே போய், சறுக்கிக் கீழே வருகிறவர். காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் கார் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை கொண்டுபோய் விடுகிறது. அவர் வேலை செய்வது இறங்கும்போது மட்டும். மீதி நேரமெல்லாம் காற்றில் குளிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அவருடைய ஜெக்கெட்டுக்குள் பஞ்சு திணித்திருக்கும். இன்னொருவர் சறுக்குப் பலகையின் அடியில், முன்னால் வழுக்கிப் பின்னால் பிடித்துக்கொள்ளும் மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு, ஆளில்லாத மலையில் மணிக்கணக்காகத் தன் காலால் ஏறுகிறவர். ஏறும்போது வியர்வையில் நனைவார், உச்சியில் நின்றதும் விறைப்பார். அவருக்குப் பஞ்சு ஆகாது. மழையும் காற்றும் புகாத மெல்லிய ஓடு ஒன்று, பைக்குள் சுருட்டி வைத்த சூட்டுடுப்பு ஒன்று என்று தனித்தனியாக எடுத்துப் போகிறார்.

நம் மலைக்கும் இந்த இரண்டாவது ஆளின் கணக்குத்தான். நல்லதண்ணியிலிருந்து 2,243 மீட்டர் உச்சிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம், 5,000க்கு மேல் படி. காலால் பனிமலை ஏறுகிறவர் ஒரு நாளில் செய்வதும் அந்த அளவு வேலைதான். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு பாகை வெப்பம் குறையும். உச்சியில் காற்று வேறு. கீழே தேத்தண்ணிக் கடையில் மேற்சட்டையைக் கழற்றியவர் மேலே விடியலுக்குக் காத்திருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். ஒரே தடித்த ஜெக்கெட்டால் இந்த இரண்டு நிலையையும் சமாளிக்க முடியாது. போட்டுக்கொண்டு ஏறினால் உள்ளிருந்தே நனையும், கழற்றினால் இடுப்பில் கட்டிச் சுமக்க வேண்டும்.

ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது பஞ்சு ஜெக்கெட்டைத்தான். “அண்ணே, இது ஸ்னோவுக்குப் போடுறது, குளிரே ஏறாது” என்பார். பொய்யில்லை. “மழை தாங்குமா?” என்று கேட்டால்தான் பேச்சு மாறும். தடிமனைப் பார்க்காதீர்கள்; உள்பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள். தையல் கோடு முழுக்க நாடா ஒட்டியிருந்தால் அது மழைக்குத் தைத்தது. தோளிலும் தொப்பியிலும் மட்டும் ஒட்டியிருந்தால் தூறலுக்கு. நாடாவே இல்லையென்றால், வெளித்துணி எவ்வளவு நல்லதானாலும் ஊசித் துளை வழியே தண்ணீர் வரும்.

பழையதை எடுக்கிறவர்கள் அடுத்ததாகப் பெருவிரல் நகத்தால் அந்த நாடாவைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பல ஜெக்கெட்டுகளின் உள்பூச்சு பொலியூரத்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும். மூட்டைக்குள் நெடுநாள் அடைந்து கிடந்த உடுப்பில் பூச்சு பிசுபிசுக்கும், இல்லையென்றால் வெள்ளைத் தூளாக உதிரும். புளித்த வாடை வந்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. வெளித்துணி தண்ணீரை உருட்டிவிடாமல் உறிஞ்சுவது அவ்வளவு பெரிய குறையல்ல. மென்மையான சவர்க்காரத்தில் அலசிக் காயவைத்து, லேபல் அனுமதித்தால் மேலே துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி பிடித்தால் ஓரளவு மீளும்.

லேபலில் 10,000 அல்லது 20,000 என்று மில்லிமீட்டர் எண் இருக்கலாம். 10,000 என்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தைத் துணி தாங்கும். பை தோளை அழுத்துகிற இடத்துக்கு அந்த எண் உதவும். வியர்வை ஆவியை எவ்வளவு வெளியே விடும் என்று சொல்லும் இரண்டாவது எண்ணைத்தான் விளம்பரங்கள் பெரிதாகப் பேசும். நம் ஊரில் அந்த எண்ணை நம்பிக் காசைக் கூட்டாதீர்கள்.

ஜூன் மழையில் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம், தோட்டத்து ரோட்டிலும் குறுக்குப் பாதையிலுமாக, நீர்புகாச் சவ்வு வைத்த புதிய மூன்றடுக்கு ஜெக்கெட் ஒன்றையும் பேல் பஜார் சாதாரணப் பூச்சு ஜெக்கெட் ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு நடந்து பார்த்தேன். வெளியிலிருந்து இரண்டிலும் சொட்டு இறங்கவில்லை. ஏற்றத்தில் இரண்டுமே உள்ளே ஈரமாயின. விலை உயர்ந்தது சற்றுத் தாமதமாக நனைந்தது, அவ்வளவுதான். காரணம் துணியில் இல்லை, காற்றில் இருக்கிறது. சவ்வு ஆவியைத் தானாகத் தள்ளுவதில்லை. உள்ளே ஈரம் மிகுந்து வெளியே குறைந்திருந்தால், அந்த வித்தியாசமே ஆவியை வெளியே இழுக்கும். பனிமலையின் குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு, இழுப்பு பலமாக இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன் பக்கக் காற்று தானே தண்ணீரைச் சுமந்து நிற்கிறது. ஆவி எங்கே போகும்?

அதனால் நான் முதலில் தேடுவது அக்குளுக்குக் கீழே நீளமாகத் திறக்கும் ஜிப்பை. காலால் ஏறுகிறவர்களுக்கென்று தைத்த பனிச்சறுக்கு ஓடுகளில் இது பெரும்பாலும் இருக்கும். சாதாரண மழைச்சட்டைகளில் அரிது. அந்த பஜார் ஜெக்கெட்டில் அது இருந்தது. இரண்டு பக்கமும் திறந்து விட்டதும் ஏற்றத்தில் வந்த ஆறுதலை எந்தச் சவ்வும் தரவில்லை. தொப்பி ஹெல்மெட்டுக்கு மேல் போடுகிற அளவில் பெரிதாக இருக்கும்; பின்பக்கம் சுருக்கும் கயிறு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் காற்றில் கண்ணை மறைக்கும். உள்ளே இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக் பாவாடை ஒன்று தைத்திருப்பார்கள். விழும்போது பனி உள்ளே புகாமல் தடுக்க வைத்தது. அதைக் கழற்றி எறியாதீர்கள். இடுப்பளவு புல்லில் நடக்கும்போது அட்டை வயிற்றுக்கு ஏறாமல் அது தடுக்கிறது.

சிவனொளிபாதமலையில் முடிவு இன்னும் தெளிவாக இருந்தது. ஏறும்போது மெல்லிய பொலியெஸ்டர் பனியன் மட்டும், ஓடு பைக்குள். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, நனைந்த பனியனைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, அதன்மேல் செயற்கைப் பஞ்சு வைத்த மெல்லிய ஜெக்கெட், அதற்கும் மேல் ஓடு. வாத்து இறகு வைத்த ஜெக்கெட்டும் பஜாரில் கிடைக்கிறது, எடையும் குறைவு. மார்கழியிலிருந்து மாசி வரை ஹோர்ட்டன் சமவெளியில், உறைபனி விழும் காய்ந்த காலைகளில் அதற்கு இணையில்லை. மற்ற மாதங்களில் வேண்டாம். இறகு நனைந்தால் கட்டிபட்டுச் சூட்டை விட்டுவிடும், இங்கே அது காய இரண்டு நல்ல வெயில் நாள் பிடிக்கும். பருத்தி டீசேட்டை மட்டும் எந்தக் காலத்திலும் போடாதீர்கள்.

சப்பாத்து பற்றிச் சுருக்கமாக. நீர்புகாச் சவ்வு வைத்த உயர்ந்த பூட்ஸ் பனிக்குச் சரி. தோட்டத்துக் கான்களைத் தாண்டும்போது தண்ணீர் மேல்வாய் வழியாக இறங்கும். இறங்கியது வெளியே போகாது. ஆழமான பற்களும் மென்மையான ரப்பரும் உள்ள, தண்ணீரை வடியவிடும் தாழ்ந்த சப்பாத்தை நான் விரும்புகிறேன். நனையும், ஆனால் நடக்க நடக்கக் காயும். அதற்குள் முழங்கால் வரை இழுத்துக் கட்டும் நெருக்கமான துணி அட்டைக் காலுறை. கணுக்காலில் சவர்க்காரம் தேய்த்துப் போகும் தோட்டத்து வழக்கமும் வேலை செய்கிறது, மழை அதைக் கழுவும் வரை.

காலால் பனிமலை ஏறுகிறவர்களின் பட்டியலில் உடுப்புக்கு முன்னால் வருபவை பனிச்சரிவுக் கருவிகள். பனிக்குள் புதைந்தவரைத் தேட 457 கிலோஹேர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி, மடக்கு மண்வெட்டி, துழாவும் கோல். ஆனால் அதற்கும் முன்னால் காலையில் பனிச்சரிவு அறிக்கையைப் படித்து, ஆபத்து என்றால் போகாமல் இருப்பதுதான் அவர்களுடைய முதல் பழக்கம். நமக்குப் பனிச்சரிவு இல்லை, மண்சரிவு இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகமெங்கும் சரிவுகளைக் கொண்டுவந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படியில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் வந்தால் நான் செங்குத்தான மலைப் பாதையை விட்டுவிடுகிறேன்; அதற்கு மேல் என்றால் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. எந்த ஜெக்கெட்டும் இதற்கு ஈடாகாது.

நான் பொழுதுபோக்காக நடக்கிற இதே மலையில் கூலிக்கு நாள் முழுக்க நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த உடுப்பு உதவுமா என்று பார்க்காமல் விமர்சனத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பு துரைமார் காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு மழைக்குக் கம்பளி கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். இன்று கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் பொலித்தீன் போட்டு நிற்கிறார்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. பேல் பஜாரின் நல்ல ஓடு ஒன்று அதில் பல நாள் கூலி.

அக்குள் ஜிப் வைத்த அந்த ஜெக்கெட்டை, கொழுந்து பறிக்கும் என் சித்திக்குக் கொடுத்துப் போடச் சொன்னேன். மத்தியானம் திருப்பித் தந்துவிட்டார். “இது நடக்கிறவங்களுக்குத் தம்பி, நிக்கிறவங்களுக்கு இல்ல” என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கூடைக் கயிறு தலையில் ஏறினால் தொப்பி நசுங்கிப் பின்னால் இழுக்கிறது, காது மூடி கங்காணி கூப்பிடுவது கேட்கவில்லை. நீண்ட கையின் விளிம்பு தேயிலை வாதுகளில் மாட்டுகிறது. கையை நீட்டும்போதெல்லாம் தண்ணீர் முழங்கை வரை வழிகிறது. கவ்வாத்து வெட்டிய குச்சி மெல்லிய துணியைக் கிழித்துவிடும், படங்கைக் கிழிக்காது. பொலித்தீனைவிட நல்லது முதுகு மட்டும்தான், அது கடைசி வரை காய்ந்திருந்தது.

சித்தி சொன்னதிலிருந்து ஓர் அளவு எழுதலாம். முதுகும் தோளும் மூன்றடுக்குத் துணி, தையலெல்லாம் நாடா. தொப்பிக்குப் பதில் கழுத்தை மூடும் அகல மடிப்பு, அதன்மேல் கூடைக் கயிறு பதியத் தடித்த பட்டை. கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வரை, விளிம்பில் இறுக்கும் எலாஸ்டிக். அக்குளில் ஜிப் வேண்டாம், கெடும். வலைத்துணி வைத்த திறப்பு போதும். இடுப்புக்குக் கீழே படங்குத் துணியே இருக்கட்டும், ஆனால் கழற்றித் தனியே காயப்போடும்படி பித்தானில். லயத்து அறையில் விறகடுப்புக்கு மேல் கொடியில் தொங்கினாலும் உருகாத துணி. பேல் பஜாரில் இப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. வெளிநாட்டுப் பனிமலைக்கு நுணுக்கமாகத் தைக்கிற தொழிற்சாலைகள் இந்த நாட்டிலேயே இருக்கின்றன, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அவற்றில் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதிரி ஒன்று தைத்து யாராவது கொடுத்தால், அடுத்த தென்மேற்கு மழையில் சித்தியும் அவர் பிரட்டுக்காரர்களும் போட்டுப் பார்த்துக் குறை சொல்லத் தயாராக இருக்கிறார்கள்.