ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனத்தின் முதுநிலைக் கல்வித்திட்டம்: தாக்க மதிப்பீட்டின் அலகு குறித்த ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: ஆப்பிரிக்க உயர்கல்வி, கணிதக் கல்வி, தாக்க மதிப்பீடு, முதலீட்டு வருவாய் விகிதம், அறிவாளர் வெளியேற்றம்

முன்னுரை

கேப் டவுன் நகரின் கடலோரப் புறநகரான மியூசன்பர்க்கில், பழைய தங்கும் விடுதி ஒன்றின் கட்டடத்தில், 2003ஆம் ஆண்டு ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. இதனை நிறுவிய இயற்பியல் அறிஞர் நீல் டூரோக், இனவொதுக்கல் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற பெற்றோருக்குத் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ், வெஸ்டர்ன் கேப், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட், பாரிஸ்-சூத் ஆகிய ஆறு பல்கலைக்கழகங்கள் துணைநின்றன. (இந்நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கப்பெயர் நம் நாட்டு மருத்துவக் கழகத்தின் சுருக்கப்பெயரோடு ஒலிப்பில் ஒத்திருப்பதால் இங்கு ‘நிறுவனம்’ என்றே சுட்டப்படுகிறது.) 2008இல் டெட் பரிசு பெற்ற டூரோக், அடுத்த ஐன்ஸ்டைன் ஆப்பிரிக்காவிலிருந்து தோன்ற வேண்டும் என்னும் விருப்பத்தை உலகின்முன் வைத்தார். 2010இல் கனடா அரசு 2 கோடி கனடிய டாலர் வழங்க முன்வந்தது. செனகல் (2011), கானா (2012), கேமரூன் (2013), தான்சானியா (2014), ருவாண்டா (2016) ஆகிய நாடுகளில் மையங்கள் எழுந்தன.

பொதுப்பணம் வந்தபின் கணக்குக் கேட்பது முறையே. அக்கணக்கு எந்த அலகில் எழுதப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

திட்டத்தின் இயல்பு

கண்டத்தின் பல நாடுகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படும் மாணவர்கள் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒரே வளாகத்தில் தங்கிப் பயில்கின்றனர். கட்டணமும் உணவும் உறைவிடமும் உதவித்தொகையில் அடங்கும். வெளிநாடுகளிலிருந்து வரும் பேராசிரியர்கள் மூன்று வாரம் பாடம் நடத்தி, மாணவரோடு ஒரே கூடத்தில் உண்டு திரும்புகின்றனர். உடனுறையும் பயிற்றுநர்கள் இரவிலும் ஐயம் தீர்க்கின்றனர். ஆண்டிறுதியில் ஒவ்வொரு மாணவரும் ஆய்வுரை ஒன்றை எழுதி வாய்மொழித் தேர்வில் நிலைநாட்ட வேண்டும். பிரெஞ்சு, அரபு, ஆங்கிலம், போர்த்துகீசியம் எனப் பயிற்றுமொழி வேறுபட்டு வந்தவர்கள் ஒரே கரும்பலகையின்முன் அமர்வது ஆப்பிரிக்க உயர்கல்வியில் அரிதாகவே நிகழ்வது. இதன் அருமையை எந்த அட்டவணையும் இதுவரை சரியாகக் காட்டியதில்லை என்பது என் கருத்து. மூன்று வாரப் பாடம் பரப்பைத் தரும், ஆழத்தைத் தராது என்னும் குறையும் உண்டு.

அளவீட்டின் முன்வரலாறு

இத்தகைய நிறுவனம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடையிலேயே மதிப்பீடு பற்றிய ஓர் எச்சரிக்கை இருக்கிறது. விடுதலைக்குப் பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் பல தம் பல்கலைக்கழகங்களைப் பெரும்பொருள் செலவிட்டு வளர்த்தன. 1980களில் கடன்சுமையும் கட்டமைப்புச் சீர்திருத்த நிபந்தனைகளும் சேர்ந்து வந்தன. அப்போது உலக வங்கி கைக்கொண்ட கருவி ‘முதலீட்டு வருவாய் விகிதம்’. கல்விக்குச் செலவிடும் தொகையையும் அக்கல்வி பெற்றவர் கூடுதலாக ஈட்டும் ஊதியத்தையும் ஒப்பிடுவது அதன் அடிப்படை. தொடக்கக் கல்வியே சமூகத்திற்கு மிகுந்த வருவாய் தருகிறது, உயர்கல்வியின் வருவாய் குறைவு என்று அக்கணக்கு காட்டியது. உலக வங்கியின் 1986ஆம் ஆண்டுக் கொள்கை ஆவணம், பொதுநிதியை உயர்கல்வியிலிருந்து கீழ்நிலைக் கல்விக்குத் திருப்பும் வாதத்தை இதன்மீதே எழுப்பியது.

விளைவு அறிந்ததே. பேராசிரியர் ஊதியம் பணவீக்கத்தில் கரைந்தது, நூலகங்களுக்கு இதழ்கள் வருவது நின்றது, இயன்றவர்கள் வெளியேறினர். இச்சரிவுக்கு நிதிக் கொள்கை ஒன்றே காரணமன்று. அரசியல் குலைவுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் கொள்கைக்கு அறிவியல் தோற்றம் தந்தது அந்த விகிதமே. 2000ஆம் ஆண்டில் உலக வங்கியும் யுனெஸ்கோவும் கூட்டிய பணிக்குழு, அப்பகுப்பாய்வு குறுகியது, திசைதிருப்புவது என்று வெளிப்படையாகவே எழுதியது. தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். அவ்வாசிரியரை உருவாக்கும் கல்லூரிக்குக் கணிதம் அறிந்தவர் வேண்டும். அவரை உருவாக்கப் பல்கலைக்கழகத் துறை வேண்டும். ஊதியத்தை மட்டும் அளந்த கணக்கில் இச்சங்கிலி அகப்படவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் மியூசன்பர்க்கில் தொடங்கிய நிறுவனம் இந்த வெற்றிடத்தில்தான் கால்கொண்டது.

தனிமனிதர் என்னும் அலகு

நிறுவனம் பற்றிய அறிக்கைகளில் முதலிடம் பெறுபவை பட்டதாரிகளின் தொகை (இன்று 2,000க்கும் மேல்), பெண்களின் பங்கு (ஏறத்தாழ மூன்றில் ஒன்று), மேற்படிப்புக்குச் சென்றோர், வேலை பெற்றோர் ஆகிய விவரங்கள். இவை பயனற்றவை அல்ல. ஆனால் இவை தனிமனிதரைப் பின்தொடர்பவை. வருவாய் விகிதமும் அதையேதான் செய்தது.

இங்குத் தேர்வுச் சிக்கல் உடனே எழுகிறது. விண்ணப்பிப்போர் மிகப் பலர், இடங்கள் சில. தம் நாட்டில் முதல் வரிசையில் நின்றவரே சேர்கிறார். அவர் பின்னர் முனைவர் பட்டம் பெற்றால், அதில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, அவருடைய முன்னைத் தகுதியின் பங்கு எவ்வளவு? மயிரிழையில் இடம் பெற்றவரையும் மயிரிழையில் இடம் இழந்தவரையும் ஒப்பிடுவது நேர்மையான வழி. நாட்டுவாரிப் பரவலும் பால் சமன்பாடும் தேர்வில் கருதப்படுவதால் ஒரே தரவரிசைக்கோடு கிடைக்காது என்று மறுப்பு வரலாம். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் தனித்தனியே ஒப்பிட்டால் அத்தடை பெரிதும் நீங்கும்.

அறிவாளர் வெளியேற்றத்தைக் கணக்கிடும் முறை இதைவிடச் சிக்கலானது. மடகாஸ்கர் மாணவி ஒருவர் கேப் டவுனில் பயின்று, ஸ்டெல்லன்போஷில் முனைவர் பட்டம் பெற்று, ஜொகன்னஸ்பர்க் வங்கி ஒன்றில் அமர்கிறார் எனக் கொள்வோம். கண்டத்தை அலகாகக் கொண்டால் அவர் ‘ஆப்பிரிக்காவில் தங்கியவர்’. அன்டனானரிவோ பல்கலைக்கழகக் கணிதத் துறையை அலகாகக் கொண்டால் அவர் இழப்பு. முதற்கணக்கு அச்சேறுகிறது. இரண்டாவதைக் கேட்பாரில்லை. அம்மாணவியின் முடிவைக் குறைகூறும் உரிமை எவருக்கும் இல்லை. கேள்வி கணக்கெழுதுவோரை நோக்கியது.

2018இல் கூகுள், பேஸ்புக் ஆகியவற்றின் நிதியுதவியுடன் கிகாலியில் இயந்திர நுண்ணறிவு முதுநிலைப் படிப்பு தொடங்கப்பட்டது. அதன் மாணவர் ஒருவர் பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பெறுவது வெற்றி என்பதில் ஐயமில்லை. எனினும் வேலையும் ஊதியமும் எளிதில் எண்ணத்தக்கவை. இயற்கணித வடிவியல் கற்பிக்க ஊர் திரும்பியவரின் பணி எளிதில் எண்ணத்தகாதது. எண்ண எளிதானதன் பக்கமே பாடத்திட்டமும் மெல்லச் சாயும்.

துறை என்னும் அலகு

‘தாக்கம்’ என்னும் சொல் ‘தாக்கு’ என்னும் வினையடியிலிருந்து வருவது. தாக்கப்பட்ட பொருள் எது என்று கேட்காமல் தாக்கத்தை அளத்தல் இயலாது. ஐன்ஸ்டைன் என்னும் முழக்கம் ஒரு மேதையைத் தேடுகிறது. நிறுவனம் உண்மையில் ஈடுசெய்ய முயல்வதோ துறைகளின் சிதைவை. ஆகவே மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகத் துறைகளையே மதிப்பீட்டின் அலகாகக் கொள்ள வேண்டும் என்பது என் முன்மொழிவு. அத்துறைகளில் மூன்றாமாண்டு மெய்ப்பகுப்பாய்வை இன்று கற்பிப்பவர் யார்? பத்தாண்டுக்கு முன் அப்பாடம் ஆளின்றிக் கைவிடப்பட்டிருந்ததா? நிறுவனத்தில் பயின்று மீண்டவர் அங்கு முதுநிலைப் படிப்பைத் தொடங்க முடிந்ததா, அல்லது வாரம் முப்பது மணி நேர வகுப்புச் சுமையில் ஆய்வைக் கைவிட்டாரா? அவரிடம் பயின்றவர் எத்தனை பேர் பள்ளி ஆசிரியராயினர்?

இவற்றிற்கு விடை காணச் செலவு பெரிதாகாது. ஒருபுறத் தரவு நிறுவனத்தின் முன்னாள் மாணவர் பதிவேடுகளில் உள்ளது. மறுபுறத் தரவு அன்டனானரிவோவிலும் கார்ட்டூமிலும் யாவுண்டேயிலும் துறைத்தலைவர் அலமாரிகளில், பணியாளர் பட்டியல்களாகவும் பழைய கால அட்டவணைகளாகவும் கிடக்கிறது. அவற்றைத் திரட்ட ஓர் உதவியாளரின் ஊதியத்தை அத்துறைகளுக்கே வழங்கலாம். இதுவரை மதிப்பீட்டுக்கான நல்கைகள் பெரும்பாலும் ஆலோசகர்களிடமே சென்றுள்ளன.