ஏழரை முதல் ஒன்றரை வரை

இலங்கையில் அரசாங்கப் பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு, நடுவே ஒரேயோர் இடைவேளை, அதுவும் 20 நிமிடம்தான். பிள்ளைகளுக்கு இது நல்ல ஏற்பாடு. மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். கர்ப்பிணி ஆசிரியைக்கு இதைவிடக் கஷ்டமான நேரசூசி வேறில்லை.

கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே சிறுநீரகங்கள் வடிகட்டும் அளவு 40, 50 சதவீதம்வரை கூடிவிடும். வளரும் கருப்பை, இடுப்புக்குள் இருக்கும்வரை மூத்திரப்பையை அழுத்தும். நான்காம் மாதமளவில் அது மேலே எழும்பிவிடுவதால் கொஞ்சம் ஆறுதல். கடைசி மாதங்களில் பிள்ளையின் தலை கீழிறங்க, பழைய தொல்லை இரட்டிப்பாகத் திரும்பும். ஆக, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகவேண்டியிருப்பது நோயுமல்ல, சோம்பலுமல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றரைப் பாடவேளை ஓடிவிடும் என்பதுதான் சிக்கல்.

இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில் கஹவத்தையைச் சுற்றி, எந்தானை, ஹவுப்பே போன்ற தோட்டங்களில் தேயிலையும் இறப்பரும் மாறிமாறி வரும். இடையில் சிங்களக் கிராமங்கள். தமிழ்ப் பாடசாலைகள் சிறியவை, ஒன்றுக்கொன்று தூரமானவை. இப்படிப்பட்ட பாடசாலைகளில் பல வகுப்புகள் நீண்ட ஒரே மண்டபத்தில் நடக்கும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் அரைச்சுவர் இருக்கும், இல்லாவிட்டால் கரும்பலகையே தடுப்பு. மூன்றாம் தரத்தின் வாய்ப்பாடும் ஐந்தாம் தரத்தின் சூழல் பாடமும் ஒன்றோடொன்று மோதும் இந்த மண்டபத்தைத் திட்டாத ஆசிரியர் இல்லை. ஆனால் கர்ப்பிணி ஆசிரியைக்கு உதவுவது இந்தக் குறைதான். “டீச்சர், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க” என்று அரைச்சுவருக்கு மேலால் சொல்லிவிட்டு அவர் போய்விடலாம். பக்கத்து ஆசிரியை நின்ற இடத்திலிருந்தே இரண்டு வகுப்பையும் பார்ப்பார். அனுமதி கேட்க அதிபரின் அறைக்குப் போக வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட தோட்டங்களிலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்தியா போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் நாள் வேறு மாதிரி வெட்டப்பட்டிருக்கிறது. ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி நான்கு மணி தாண்டும். ஆனால் முற்பகலில் ஒரு சிறு இடைவேளை, மதிய உணவு, பிற்பகலில் இன்னொரு சிறு இடைவேளை. நாள் நீளம், தொடர்ந்து அடக்கவேண்டிய நேரம் குறைவு. மூத்திரப்பையின் கணக்கில் தமிழ்நாட்டு நேரசூசியே மேல்.

ஆனால் அறைகள் தனித்தனி. கதவுக்கு வெளியே இன்னொரு பெரியவர் இருப்பார் என்ற நிச்சயமும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுப்படி 60 பிள்ளைகள்வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் வட்டார வளமையத்துக்குப் பயிற்சிக்குப் போன நாளில் மற்றவர் கழிப்பறைக்குப் போனால் பள்ளி முழுவதும் பிள்ளைகளின் பொறுப்பில்தான். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பையன் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டால் கேள்வி யாரை நோக்கி வரும் என்பது எல்லா டீச்சருக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் பலர் அடக்குகிறார்கள். வெட்கம் அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2007 வாக்கில் பரவலான செயல்வழிக் கற்றல் இந்த விஷயத்தில் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்தது. அட்டையை எடுத்துக் குழுவாக வேலை செய்யும் பிள்ளைகள், ஆசிரியை வெளியே போய்வந்ததைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அந்த முறையில் ஆசிரியையும் பிள்ளைகளோடு பாயில் உட்காரவேண்டும். எட்டாம் மாதத்தில் தரையிலிருந்து எழும்புவதே பெரிய வேலை.

சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ லீவு, வேண்டுமானால் அதற்குமேல் 84 நாட்கள் அரைச் சம்பளத்தில், மேலும் 84 நாட்கள் சம்பளமின்றி. தமிழ்நாட்டில் 2011இல் ஆறு மாதமாக இருந்தது, 2016இல் ஒன்பது மாதமாகி, 2021 ஜூலை முதல் முழுச் சம்பளத்துடன் ஓராண்டாகிவிட்டது. ஆனால் இரண்டு பிள்ளைக்கு மேல் கிடையாது என்ற நிபந்தனை தொடர்ந்தது. முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள் பெற்று, மறுமணத்துக்குப் பின் மீண்டும் தாயான தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவி இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளில் ஒன்று என்று 2025 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

இவ்வளவும் பெற்றெடுப்பதைச் சுற்றிய நாட்களின் கணக்கு. பெறும்வரை வகுப்பில் நிற்கும் மாதங்களைப் பற்றி இரண்டு நாடுகளும் அதிகம் பேசவில்லை. இந்தியாவின் 1961 மகப்பேறு நலச் சட்டம், பிரசவத்துக்கு முந்திய ஆறு வாரத்துக்கு முன்னான ஒரு மாதத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், நீண்டநேரம் நிற்கும் வேலையைக் கொடுக்கக்கூடாது என்கிறது. நிற்பதைப் பற்றி யோசித்தவர்கள் போய்வருவதைப் பற்றி யோசிக்கவில்லை. இலங்கை ஒரு படி முன்னே போய், ஐந்து மாதம் முடிந்த அரச ஊழியர் அரை மணி பிந்தி வரலாம், அரை மணி முந்திப் போகலாம் என்று சலுகை தந்திருக்கிறது. நல்ல சலுகைதான். ஆனால் அது நாளின் இரு நுனிகளையும் கொஞ்சம் நறுக்குகிறதே தவிர நடுவைத் தொடவில்லை. மேலும், தொல்லை மிகுந்த முதல் மூன்று மாதங்களுக்கு அது இல்லை. ஓரளவு தணிந்திருக்கும்போதுதான் தொடங்குகிறது.

அந்த முதல் மூன்று மாதமும், கஹவத்தையானாலும் கோத்தகிரியானாலும், யாரிடமும் சொல்லாமல் இருப்பதே வழக்கம். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். அதனால் அதிபருக்கோ தலைமை ஆசிரியருக்கோ தெரியாது. பக்கத்து வகுப்பு ஆசிரியைதான் முதலில் கண்டுபிடிப்பார், பல வீடுகளில் மாமியாருக்கும் முன்பாக.

போகலாம் என்றாலும் எங்கே போவது? 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் எல்லாப் பள்ளிகளுக்கும் கழிப்பறை கேட்டது, 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் ஓராண்டு கெடு வைத்தார். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்கிறது. ஆசிரியருக்கு என்று ஒரு சொல் இல்லை. மாணவிகளின் கழிப்பறையில் ஒன்றைப் பூட்டி வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. தோட்டப் பாடசாலையிலும் அதே பூட்டு, அதே சாவி. மலசலகூடம் மைதானத்தின் கீழ்மூலையில் இருந்தால், மே, ஜூன் மழையில் குடையோடு சறுக்கும் படிகளில் இறங்கவேண்டும். வறண்ட மாதங்களில் ஊற்றுத் தண்ணீர் குழாயில் வராது. கொழுந்து மலையில் நின்ற, தோட்டத்து ஆசிரியையின் தாய்க்கு அந்தக் கூரையும் இருக்கவில்லை, தேயிலைச் செடிதான் மறைவு. அதைச் சொல்லி மகளை வாயடைப்பவர்கள் உண்டு. தாய் பட்டது மகளுக்கும் ஏன் வேண்டும் என்று நான் கேட்பேன்.

உடையில் மட்டும் இலங்கை தெளிவாக முந்திவிட்டது. சேலைதான் ஆசிரியையின் உடை என்று பிடிவாதம் பிடிக்கும் அதே பாடசாலைகளில், கர்ப்பிணிகள் தளர்ந்த கவுன் போட்டு வருவது எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. தமிழ்நாட்டில் 2019 அரசாணை சுடிதாரை அனுமதித்த பிறகும், நிறைமாதத்திலும் சேலையோடு வரும் டீச்சர்கள் நிறைய. ஈரத் தரையில், குந்தும் கழிப்பறையில், ஆறு கஜத் துணியைச் சுருட்டிப் பிடிப்பது எப்படியென்று அரசாணை எழுதுபவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

இதற்கெல்லாம் பயந்து ஆசிரியைகள் கண்டுபிடித்த வழிதான் ஆபத்தானது: தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு, எந்த அறிகுறியும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம்வரை ஏறிக் காய்ச்சலாகும், குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். கிளினிக்கில் மிட்வைஃப் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார், பாடசாலை குடிக்காதே என்கிறது.

செலவில்லாமல் அதிபர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆரம்பப் பிரிவில் ஒரே ஆசிரியை நாள் முழுக்க ஒரே வகுப்போடு இருக்கிறார். அதில் ஒரு பாடவேளையை, சித்திரமோ உடற்பயிற்சியோ, பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடலாம். அது இடைவேளைக்கு முன்னால் இருந்து பயனில்லை. 1.30க்கு முந்திய கடைசிப் பாடவேளையாக இருக்கவேண்டும். அதற்குப் பிறகு தோட்டப் பாதையில் ஓட்டோ, சந்தியில் காத்திருப்பு, பெல்மதுளைக்கோ இரத்தினபுரிக்கோ பஸ். வழியில் எங்கும் இறங்கிப் போக முடியாது.