சாறா, சக்கையா?

அண்மையில் காரைக்காலில் என் அத்தை வீட்டில் ஓர் இரவு தங்கியிருந்தேன். காலை ஆறு மணிக்கே அடுப்பில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. முடக்கத்தான் கீரை, மிளகு, சீரகம், இரண்டு பல் பூண்டு, ஒரு சிட்டிகை மஞ்சள். இறக்கி வைத்ததும் அத்தை அதை வடிகட்டியில் ஊற்றினார். சாறு டம்ளரில் இறங்கியது. வடிகட்டியில் நின்ற கீரையைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்து, கொல்லையில் வாழை மரத்தடியில் கொட்டினார்.

"அதை ஏன் அத்தை கொட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"சாறுதானே தம்பி மருந்து? சக்கை எதுக்கு?" என்றார்.

முழங்கால் வலிக்காகக் குடிக்கிறாராம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஓர் அச்சுத் தாளில் அக்குறிப்பு இருந்தது. உடலின் அழற்சியைத் தணிக்கும் எளிய சூப்புகளும் சாலட்டுகளும் என்று தலைப்பு. எழுதியவர் பெயர் இல்லை. அத்தைக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இரண்டு வாரமாக அதற்கான மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது பேச்சினிடையே தெரிந்தது. "எல்லாம் இயற்கையாவே சரியாயிடும்னு போட்டிருக்கே!" என்றார்.

நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது வழக்கம். சமையல் குறிப்புகளுக்கும் மதிப்புரை தேவை என்று அன்று தோன்றியது. பிடிக்காத நூலை மூடி வைத்துவிடலாம். உணவோ உடலுக்குள் போய்விடுகிறது. ஆகவே இவ்வகைக் குறிப்புகளில் அடிக்கடி காணப்படும் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகளைக் கேட்போம். பொருள் எவ்வளவு? சமைக்கும்போது எது தங்குகிறது, எது போகிறது? பயன் உண்டு என்பதற்குச் சான்று எலியிடமிருந்து வந்ததா, மனிதரிடமிருந்து வந்ததா?

அழற்சி என்பது என்ன?

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியின் செல்சஸ் குறித்து வைத்தார். குருதிக் குழாய்கள் விரிவதும், வெள்ளணுக்கள் அங்கே விரைவதும், கிருமிகளை அழிப்பதும் உடலின் தற்காப்பே. இந்த அழற்சி நமக்கு நண்பன். இது இல்லாவிட்டால் ஒரு சிறு காயமே உயிரைக் குடித்துவிடும்.

வேறு வகை ஒன்றும் உண்டு. வெளியே தெரியாமல், மெல்லிய அளவில், ஆண்டுக்கணக்கில் நீடிப்பது அது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, புகைபிடித்தல், உறக்கக் குறைவு ஆகியவை அதை வளர்க்கின்றன. இதய நோயிலும் சர்க்கரை நோயிலும் அதற்குப் பங்கு உண்டு. அதை அளக்க உதவும் பொருள்களில் ஒன்று சி-எதிர்வினைப் புரதம். ஈரல் உண்டாக்கும் இப்புரதத்தை 1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில், நுரையீரல் காய்ச்சல் கண்ட நோயாளிகளின் குருதியில் கண்டறிந்தனர். வேறு தொற்று எதுவும் இல்லாத நிலையில், ஒரு லிட்டர் குருதியில் இது 3 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் இதய நோய்க்கான வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர்கள் கொள்கின்றனர்.

அழற்சியைத் தணிக்கும் உணவு என்று சொல்லும்போது இந்த இரண்டாவது வகையையே கருத வேண்டும். அத்தாளோ இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. அது அதன் முதல் குறை.

முதல் குறிப்பு: முடக்கத்தான் சூப்

முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். அதுவே பேச்சில் முடக்கத்தான் ஆயிற்று. சித்த மருத்துவத்தில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. எலிகளின் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கி, இந்த இலையின் வடிசாற்றைக் கொடுத்து, வீக்கம் குறைவதைக் காட்டிய ஆய்வுகளும் உள்ளன. இதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஆய்வகத்தில் செறிவாக்கி, எலியின் எடைக்கு ஏற்ப அளந்து கொடுத்த சாறு வேறு. ஒரு கைப்பிடி இலையை இரண்டு டம்ளர் நீரில் கொதிக்கவைத்த சூப் வேறு. எலியின் பாதத்துக்கும் அத்தையின் முழங்காலுக்கும் இடையே நீண்ட தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவைக் குறிப்பு ஒரே வரியில் தாண்டிவிடுகிறது.

வடிகட்டியிடம் வருவோம். கீரையைக் கொதிக்கவைத்தால் வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற நீரில் கரையும் சத்துகள் நீரில் இறங்குகின்றன. அவற்றில் ஒரு பகுதி வெப்பத்தால் அழிகிறது. மீதி சாற்றில் கிடைக்கிறது. அந்த அளவில் சூப் நல்லதே. கீரையை வேகவைத்து நீரைக் கொட்டுவதைவிட மேல். ஆனால் பீட்டா கரோட்டின் நீரில் கரையாது. அது இலையிலேயே தங்கும். உடலில் சேரச் சிறிது எண்ணெயும் வேண்டும். நார்ப்பொருளின் பெரும்பகுதியும் இலையிலேயே நிற்கிறது. ஆக வாழை மரத்தடிக்குப் போனது வெறும் சக்கையன்று.

நார்ப்பொருள் நமக்குச் செரிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் பெருங்குடலில் வாழும் கோடானு கோடி நுண்ணுயிர்களுக்கு அதுவே உணவு. அவை நாரின் ஒரு பகுதியை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவர் அணுக்கள் பியூட்டிரேட்டை எரிபொருளாகக் கொள்கின்றன. அச்சுவர் உறுதியாக இருந்தால், குடலிலுள்ள வேண்டாப் பொருள்கள் குருதிக்குள் கசிந்து அழற்சியைத் தூண்டுவது குறைகிறது. அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தார் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து, 45 உணவுக் கூறுகளுக்கு அழற்சி மதிப்பெண் இட்டு 2014 இல் ஓர் அட்டவணையை வெளியிட்டனர். அதில் அழற்சியைத் தணிப்பவற்றின் முன்வரிசையில் மஞ்சளும் நார்ப்பொருளும் நிற்கின்றன. மஞ்சளைப் புகழும் தாள் நாரை எறியச் சொல்கிறது!

மஞ்சளைப் பற்றியும் ஒரு கணக்குப் போடலாம். மஞ்சளின் குர்க்குமின் என்ற பொருள் உடலில் எளிதில் சேர்வதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் உடனிருந்தால் அது பன்மடங்கு சேர்கிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு 1998 இல் வெளிவந்தது. ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேரும் நம் பழக்கத்துக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அந்த ஆய்வில் கொடுத்தது 2 கிராம் குர்க்குமின். மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான். எனவே 2 கிராமுக்கு ஏறத்தாழ 65 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். ஒரு சிட்டிகைக்கு அந்த வலிமை வராது.

இரண்டாம் குறிப்பு: வாழைத்தண்டு சூப்

அரசலாறு பாயும் காரைக்கால் வட்டாரத்தில் வாழைக்குக் குறைவில்லை. தண்டு மலிவானது, பாராட்டத்தக்க தேர்வு. ஆனால் இங்கும் தண்டை அரைத்துப் பிழிந்து, சாற்றை மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். வாழைத்தண்டின் சிறப்பே அதன் நார்தான்.

நம் வீடுகளில் தண்டு நறுக்கும் முறையைக் கவனியுங்கள். வட்டமாக நறுக்கும்போது இழுபடும் நூலை மட்டும் விரலில் சுற்றி எடுத்துவிட்டு, துண்டுகளை மோர் கலந்த நீரில் போடுவார்கள். வெட்டுப்பட்ட அணுக்களிலிருந்து வெளிவரும் நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையால் தண்டைக் கறுக்கச் செய்கிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்குகிறது. பிறகு பாசிப்பருப்புடன் கூட்டாகும்போது நார் முழுவதும் வயிற்றுக்குப் போகிறது. பருப்பின் புரதமும் சேர்கிறது. சூப்தான் வேண்டுமென்றால், பருப்பும் தண்டும் வெந்தபின் மசித்து, வடிகட்டாமல் குடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. தண்டில் பொட்டாசியம் மிகுதி. அது நீரில் இறங்கும். சிறுநீரகம் தளர்ந்து, பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்போர்க்கு இந்தச் சாறு கேடாக முடியும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று பொதுப்பட எழுதுவது, அது ஆகாதவர் கையிலேயே கோப்பையைக் கொடுப்பதாகும்.

மூன்றாம் குறிப்பு: பச்சைக் காய்கறி சாலட்

பச்சையாக உண்பது நமக்குப் புதிதன்று. கறி ஆகாத வேளையில் பசியோடு வந்த அடியவருக்குச் சோற்றுடன் மாங்கனியை இட்ட காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். அதை நினைத்து இன்றும் ஆனி மாதத்தில் அங்கே மாங்கனித் திருவிழா நடக்கிறது.

தாளில் உள்ள சாலட், வெள்ளரியும் கேரட்டும் வெறுமனே நறுக்கியது. நம் கோசுமல்லியை அதன் அருகே வைத்துப் பாருங்கள். ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரி, துருவிய கேரட், சிறிது தேங்காய், எலுமிச்சை, கடுகு தாளித்த ஒரு கரண்டி எண்ணெய். பருப்பு புரதமும் நாரும் தருகிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி பருப்பிலுள்ள இரும்பு உடலில் சேரத் துணை செய்கிறது. தாளித்த எண்ணெய் கேரட்டின் பீட்டா கரோட்டினை உடலில் சேர்க்கிறது. மூன்று குறிப்புகளில் நான் முழு மனத்துடன் பரிந்துரைப்பது இதைத்தான். அதுவோ தாளில் இல்லை. ராம நவமிக்கு மட்டும் செய்வதை வாரம் மூன்று நாள் செய்யலாம். ஒரே நிபந்தனை: நல்ல நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். இல்லையேல் டைபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவை விருந்தாளியாக வரும்.

எதற்குப் பதிலாக?

இத்தாளின் பெருங்குறை இன்னும் சொல்லப்படவில்லை. சூப்பை எதற்குப் பதிலாகக் குடிப்பது என்று அது கூறவே இல்லை. காரைக்கால் காவிரிக் கடைமடையின் நெல் பூமி. அங்கு மூன்று வேளையும் இலையில் அரிசியே பெரும் பங்கு. சோற்றுக் குன்று அப்படியே இருக்க, பக்கத்தில் ஒரு டம்ளர் சாறு வைப்பதால் பெரும் மாற்றம் நேராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடளாவிய ஆய்வு 2023 இல் வெளியானது. அதன்படி 20 வயதுக்கு மேற்பட்டோரில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 11.4 பேர், காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலோ 26.3 பேர். நான்கில் ஒருவர்! அத்தையின் கதை ஒரு வீட்டுக் கதையன்று.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளொன்றுக்குக் காய், கீரை, பழம் எல்லாம் சேர்த்து 500 கிராம் உண்ணச் சொல்கிறது. அதில் கீரை மட்டும் 100 கிராம். வடிகட்டிய ஒரு கோப்பை, இந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. வடிகட்டாத சூப்பும் ஒரு கிண்ணம் கோசுமல்லியும் கணிசமாக ஏறும்.

முறையும் முக்கியம். 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் சாப்பாட்டைச் சூப்பில் தொடங்குவார்கள். நாமோ ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொள்கிறோம். ரசம் ருசிக்க ருசிக்கச் சோறும் கூடுகிறது. காய்கறியை முதலில் உண்டு, சோற்றைப் பிறகு உண்டால் குருதிச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது என்று ஜப்பானில் சர்க்கரை நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தச் சான்று எலியிடமிருந்து வந்ததன்று, மனிதரிடமிருந்து வந்தது. செலவும் இல்லை. உப்பில் மட்டும் கை அடக்கம் வேண்டும். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூப்பும் ரசமும் ஊறுகாயும் சேர்ந்தால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும்.

முடிவாக, கீரையும் காயும் பருப்பும் நீண்ட நாளில் அழற்சியைத் தணிக்க உதவும், அவை உணவு. மருந்தின் வேலையை அவற்றிடம் ஒப்படைக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் சத்தமின்றிக் கெடும். மூட்டு வலி முடக்குவாதமாக இருந்தால், காலம் தாழ்த்தும் ஒவ்வொரு மாதமும் மூட்டு சிதையும், சிதைந்தது திரும்பாது. குறிப்பு எழுதுவோர் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து அச்சிட்டால் தாள் நீண்டுவிடாது.

அன்று பிற்பகலே அத்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். சர்க்கரை எகிறியிருந்தது, மாத்திரை மீண்டும் தொடங்கியது. முடக்கத்தானை அத்தை விடவில்லை, விடச் சொல்லவும் இல்லை. இப்போது இலையை மாவுடன் அரைத்துத் தோசையாக வார்க்கிறாராம். கோசுமல்லியை ஒரு கிண்ணம் தின்றபிறகு இரண்டே தோசை. "வாழை மரத்துக்குத்தான் தம்பி இப்ப ஒண்ணும் கிடைக்கலை" என்று தொலைபேசியில் சொன்னார்.