மணமேடையின் ஓரத்தில் ஒரு வித்வான்

பெயர் தெரியாத நல்ல கலைஞரைக் கேட்க வேண்டுமானால் அடுத்த முகூர்த்த நாளில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனால் போதும். மணமேடைக்குப் பக்கவாட்டில் சமுக்காளம் விரித்து, நாயனமும் தவிலுமாக ஒரு செட்டு உட்கார்ந்திருக்கும். ஐந்நூறு பேர் கூடிய மண்டபத்தில் அவர்கள் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

நாதஸ்வரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சில பெயர்கள்தான். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்த காருக்குறிச்சி அருணாசலம். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு வாசித்த மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். ஆச்சா மரத்தில் இந்த வாத்தியத்தைக் கடையும் நரசிங்கம்பேட்டைக்கு 2022இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால், நம் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்தவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது, பெண் வீட்டாருக்கும் தெரியாது.

கெட்டிமேளத்தை வைத்து ஒருவரை எடைபோட முடியாது. கூட்டம் சேருவதற்கு முந்தைய நேரம்தான் அவருடையது. முதலில் அவர் வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் தேர்வதைக் கவனியுங்கள். வாத்தியத்தில் தொங்கும் கொத்திலிருந்து ஒன்றை எடுத்து, உதட்டில் நனைத்து, ஊதிப் பார்த்து, சரிப்படாவிட்டால் அடுத்ததை எடுப்பார். நாதஸ்வரத்தில் விரல் மட்டும் சுரத்தைத் தந்துவிடாது. உதட்டின் அழுத்தமும் மூச்சின் வேகமும் சேர்ந்தால்தான் அது அதன் இடத்தில் நிற்கும். மேல் ஸ்தாயியில் உரக்க ஊதுகிறவர்கள் பலர். கல்யாணியின் நிஷாதத்தைக் கீழே மெல்லப் பிடித்து, அவசரமில்லாமல் அங்கேயே நிற்கிறவர் கிடைத்தால் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துத் தவில்காரரையும் விட்டுவிடக் கூடாது. ஆலாபனை நடக்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே தொட வேண்டுமோ அங்கே மட்டும் தொடுகிறவர் பெரிய கை.

கல்யாணத்தில் அரை மணி நேரம் கேட்டவரை முழுதாகக் கேட்கக் கோயிலுக்குத்தான் போக வேண்டும். சாமி புறப்பாட்டில் அவருக்கு இரவு முழுக்க நேரம் உண்டு. கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கும்போது சொல்லின்றித் தாளக்கட்டு மட்டுமே முன்னே நடக்கும். வீதி திரும்பியதும் ஏதாவது ஒரு ராகத்தை விரிப்பார். சாமி நிற்கும் இடமெல்லாம் அவரும் நின்று வாசிப்பார். பள்ளியறைக்குப் போகும் வேளையில் நீலாம்பரி வரும். ஒலிபெருக்கி இல்லாமல், பத்தடி தூரத்தில், கல் மதில்களுக்கு நடுவே கேட்கிற அந்த நாதம் எந்த ஒலிப்பதிவிலும் வராது.

கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடுவது பாதி ரசனைதான். வாசிப்பு ஓய்ந்து வெற்றிலை போடும் நேரத்தில் பக்கத்தில் போங்கள். 'பிரமாதம்' என்று பொதுவாகச் சொன்னால் கும்பிட்டு நகர்ந்துவிடுவார். "அண்ணே, அந்தக் கரகரப்ரியாவில் மேலே போகாமல் ரிஷபத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தீங்களே" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ராகம் தெரியாவிட்டால் அதையே கேட்கலாம். என்ன ராகம் என்று கேட்கிறவரைக் கண்டால் கலைஞருக்கு மகிழ்ச்சிதான். ஊரைக் கேளுங்கள், குருவைக் கேளுங்கள். குருவின் பெயரைச் சொல்லும்போது அவர் குரலில் வரும் மரியாதையிலேயே ஒரு பாணியின் வரலாறு தெரியும். அடுத்து எந்தக் கோயில் திருவிழாவில் வாசிக்கிறார் என்று குறித்துக்கொண்டு அங்கேயும் போய் நில்லுங்கள். தெரிந்த முகம் ஒன்று எதிரே நின்றால், சினிமாப் பாட்டோடு முடித்திருக்க வேண்டியவர் இன்னொரு சுற்று ஆலாபனை செய்வார். ரசிகர் கலைஞருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். அதன் பலன் ரசிகருக்கே திரும்பி வந்துவிடுகிறது.

புகழ்பெற்றவர்களைக் கேட்க நுழைவுச்சீட்டு இருக்கிறது, ஒலிநாடா இருக்கிறது, இணையம் இருக்கிறது. இவர்களைக் கேட்க எதிரே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். அடுத்த கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் அழைப்பிதழில் நாதஸ்வர, தவில் வித்வான்களின் பெயரை ஊரோடு அச்சிடுங்கள்.