அப்பா போட்ட மடிப்பு

அந்தப் பெட்டியிலிருந்து தொடங்குவோம். பித்தளையில் வார்த்த இஸ்திரிப் பெட்டி. மூடியின் முன்முனையில் ஒரு கொக்கி, இரு பக்கமும் காற்றுப் போக வரிசையாய்த் துளைகள், மேலே உள்ளங்கை பட்டுப் பட்டுக் கருத்து வழவழத்த மரப்பிடி. கரி நிறைந்தால் 5, 6 கிலோ கனக்கும். சென்னையில் எங்கள் தெருமுனைப் புங்கமர நிழலில், பழைய கம்பளி விரித்த தள்ளுவண்டி ஒன்றின் மேல் காலையிலிருந்து இருட்டும்வரை அது போவதும் வருவதுமாக இருக்கிறது. பிடித்திருப்பவரின் மகன் எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் புத்தகப் பையை வண்டிக்குக் கீழே தள்ளிவிட்டு வந்து நிற்பான். அப்பாவின் தொழிலை அந்தப் பிள்ளை சிறுகச் சிறுகக் கண்டுகொண்ட விதம் அத்தனை அழகு. அது விளங்க, அவன் பார்த்ததையெல்லாம் நாமும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் தீ. கொட்டாங்குச்சியில் பற்றவைத்த கரியைக் கனிய விடுவதே ஒரு தனிக் கலை. அவர் வண்டியை விட்டு நாலடி தள்ளிப் போகிறார். காற்றின் திசை பார்த்து நின்று, பெட்டியை முன்னும் பின்னுமாக வீசுகிறார். துளைகளுக்குள் செம்மை ஏறுகிறது. சாம்பல், துணி இல்லாத பக்கமாகப் பறந்து போகிறது. ஒரு பொட்டுச் சாம்பல் போதும், வெள்ளைச் சட்டை கெட்டுவிடும். அடிப்பாகத்தை ஈரத்துணியில் ஒருமுறை இழுத்துத் துடைத்ததும் விரல் நுனியால் ஒரு சொட்டு நீர் தெளிக்கிறார். 'சுர்'ரென்று எழும் அந்த ஓசை எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதிலேயே சூட்டின் அளவு அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

கரண்டுப் பெட்டியில் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. இங்கே கங்குதான் எஜமான். அது தகிக்கும் வேளையில் கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் கதர் வேட்டியும் மேலே வரும். கொஞ்சம் அடங்கியதும் அன்றாடச் சட்டைகள். சாம்பல் போர்த்திய கடைசி இளஞ்சூட்டில் பட்டும் பாலியஸ்டரும். எந்த வீட்டு மூட்டை முந்தி வந்தது என்ற கணக்கெல்லாம் அவருடைய வரிசையில் செல்லாது. ஒருநாள் பையன் கேட்டான்: "மொதல்ல வந்த மூட்டைய விட்டுட்டு ஏம்ப்பா இத எடுக்குற?" அவர் நிமிராமலே சொன்னார்: "நெருப்பு எத கேக்குதோ அதத்தான்டா குடுக்கணும்." அவன் அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை. மறுநாள் மூட்டைகளைப் பிரித்துப் பருத்தி தனியாக, பட்டு தனியாக அவனே அடுக்கி வைத்திருந்தான்.

சட்டைக்கு வருவோம். இங்கே சற்று நிற்கலாம், நிற்கத் தகுந்த இடம். அவர் காலரில்தான் தொடங்குவார், அதுவும் இரு நுனிகளிலிருந்து நடுக்கழுத்தை நோக்கி. நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் சுருக்கமெல்லாம் ஓடிவந்து நுனியில் குவியும். சட்டை போட்டவரின் முகத்துக்குக் கீழே நாள் முழுக்க அந்தக் குறை தெரிந்துகொண்டே இருக்கும். காலர் முடிந்து தோள்பட்டை, கைமுனைப் பட்டை, கை, அப்புறம்தான் உடல். பொத்தான் வரிசையில் அந்தக் கனத்த பெட்டி எங்கிருந்தோ ஒரு மென்மையை வரவழைத்துக்கொள்கிறது. அதன் கூர்முனை, வரிசையாய்த் தூங்கும் குழந்தைகளைத் தாண்டி நடக்கும் தாயின் பாதம்போலப் பொத்தான்களுக்கு இடையே நுழைந்து வெளியேறுகிறது. ஒன்றின் மேலும் படுவதில்லை. கை மடிப்போ இன்னும் நேர்த்தி. தோளின் உச்சியில் கிளம்பி, வழியில் எங்கும் இரண்டு கோடாகப் பிரியாமல், கைமுனையில் போய் ஒரே கோடாக முடிகிறது. இரட்டை மடிப்பு விழுந்த சட்டையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. மறுபடி நீர் தெளித்து, பழைய கோட்டை அழித்துவிட்டுத்தான் விடுவார்.

பையன் எப்போதும் இப்படி வந்து நின்றவன் இல்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் வண்டி நிற்கும் தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான். பள்ளிப் படிவத்தில் அப்பாவின் தொழிலைக் கேட்ட இடத்தில் 'பிசினஸ்' என்று எழுதிக் கொடுத்தானாம். அவரே சொன்னார், துளி வருத்தமில்லாத சிரிப்போடு. பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? துணி வெளுக்கும் தொழிலைச் சாதியோடு சேர்த்துக் கட்டி, செய்தவர்களைப் பின்வாசலில் நிறுத்தி வைத்த ஊர் நம்முடையது. சேங்கொட்டைச் சாற்றில் ஒரு புள்ளி, ஒரு கோடு என்று வீட்டுக்கு வீடு குறியிட்டு, நூற்றுக்கணக்கான துணிகளில் ஒன்றுகூட இடம் மாறாமல் திருப்பிக் கொடுத்தவர்களின் நினைவாற்றலை வியந்து இரண்டு வார்த்தை எழுதி வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தக் கூச்சத்தை அவனுக்குக் கொடுத்தவர்கள் நாம்தான்.

கூச்சம் கலைந்தது ஒரு திங்கட்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில். அன்று எல்லோருக்கும் வெள்ளைச் சீருடை. பின்வரிசையில் நின்றவன் முன்னால் நிற்பவர்களின் தோள்களைப் பார்த்திருக்கிறான். உச்சியிலிருந்து இறங்கும் ஒற்றைக் கோடு, ஒரு தோளில், இன்னொரு தோளில், அதற்கடுத்ததில். அன்று சாயங்காலம் சுற்றுவழி போகாமல் நேரே வண்டிக்கு வந்து சொன்னானாம்: "அப்பா, முன்னாடி வரிசையில ஏழெட்டுப் பேரு நம்ம மடிப்பு." அந்த 'நம்ம'வை அவர் எனக்குச் சொல்லிக் காட்டியபோது பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். கங்கு கனன்றுகொண்டிருக்கும்போது அவர் பெட்டியைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

குழந்தைகளின் கண்ணுக்கு இந்த வண்டி தரும் செல்வம் பெரிது. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவோர இஸ்திரிக்காரர் ஒருவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கவனித்ததில் தொடங்கி, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடையில் பேசினார். எத்தனையோ பேர் தினமும் கடந்து போகும் வண்டிதான். நின்று பார்த்தது ஒரு சிறுமி.

நம் பையன் பார்த்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது புடவை. கஞ்சி போட்ட ஐந்தரை மீட்டர்ப் பருத்திப் புடவையைத் தனியாளாக நேராக்க முடியாது. அப்பா ஒரு முனை, மகன் மறுமுனை. இருவரும் பின்னுக்குச் சாய்ந்து இழுக்கிறார்கள். துணி 'படார்' என்று விறைக்கிறது. அவன் பக்கத்துக் கரை சற்றே ஏறியிருந்தால் அவர் வாய் திறப்பதில்லை, தம் முனையை லேசாகச் சுண்டுகிறார். ஒரு சிற்றலை புடவை நெடுக ஓடி அவன் விரல்களில் போய்ச் சேர்கிறது. அவன் கரையைத் திருத்திக்கொள்கிறான். பிறகு இருவரும் ஒரே நடையில் ஒருவரை நோக்கி வருகிறார்கள். முனையோடு முனை, கரையோடு கரை, மகன் கையிலிருந்து அப்பா கைக்கு.

பெட்டியை அவனிடம் இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை. ஆறத் தொடங்கிய பிறகு கைக்குட்டை, தலையணை உறை, அவ்வளவுதான் அவன் பங்கு. சட்டைப் பைகளைத் துழாவும் பொறுப்பு மட்டும் முழுக்க அவனுடையது. பேருந்துச் சீட்டு, பேனா மூடி, மருந்துக்கடை பில், நனைந்து ஒட்டிய பத்து ரூபாய்த் தாள். எது கிடைத்தாலும் அந்தந்த மூட்டையின் முடிச்சுக்கு மேலேயே செருகி அனுப்புகிறான்.

மூட்டைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் இப்போது அவன்தான். போன வாரம் எங்கள் அடுக்கக இரண்டாம் மாடியில், அவன் வகுப்புத் தோழன் வீட்டு வாசலில் அவன் குரல் கேட்டது. தோழனும் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "ஆன்ட்டி, இந்தச் சட்டையில ரெண்டாவது பட்டன் ஆடுது. தைச்சுட்டு அனுப்புங்க. அப்படியே தேய்ச்சா நூலு விட்டுடும்னு அப்பா சொன்னாரு."