ஆய்வகத்தில் துடிக்கும் தசை: அதன் சாட்சியம் எதுவரை செல்லும்?

மனித இதயத்தை ஆராய முனைபவருக்கு முதல் தடை, ஆராய்வதற்கு இதயத் தசை கிடைக்காததுதான். ரத்தத்தையோ தோல் துணுக்கையோ ஒருவரிடம் கேட்டுப் பெறலாம். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்திலிருந்து ஒரு துண்டு கேட்க முடியாது. அறுவை சிகிச்சையில் வெட்டியெடுக்கப்படும் சிறு பகுதிகளும், மாற்று இதயம் பொருத்தும்போது அகற்றப்படும் பழுதான இதயங்களும் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றில் தெரிவது பெரும்பாலும் நோயின் முற்றிய நிலை. அது எப்படித் தொடங்கியது என்பது தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் நெடுங்காலம் எலியை நம்பினார்கள். எலியின் இதயமோ நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிப்பது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தசையை ஓய்வு நிலைக்குக் கொண்டுவரும் பொட்டாசியம் மின்னோட்டங்களும் அதற்கு வேறு, நமக்கு வேறு. மனிதரின் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே பறிக்கக்கூடிய மருந்தை எலி பாதிப்பில்லாமல் தாங்கிவிடலாம்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ஆய்வகத்தில் இதயத் திசுவை உருவாக்கும் முறை. 1997இல் தாமஸ் எஷன்ஹாகனும் அவருடைய சகாக்களும் கோழிக் கருவின் இதயச் செல்களைக் கொலாஜன் கூழில் கலந்து, சேர்ந்து துடிக்கும் திசுவை உருவாக்கிக் காட்டினார்கள். மனிதத் திசுவுக்கு வழி திறந்தது 2007இல். வளர்ந்த மனிதரின் தோல் செல்லை எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்று ஷின்யா யமனாகா அந்த ஆண்டு நிறுவினார். 2012இல் நோபல் பரிசும் பெற்றார். அத்தகைய ஸ்டெம் செல்லில் ‘விண்ட்’ என்ற வேதிச் சமிக்ஞையை முதலில் தூண்டிவிட்டுப் பிறகு அடக்கினால், இரண்டு வாரங்களுக்குள் அது இதயச் செல்லாகித் துடிக்கத் தொடங்குகிறது. அந்தச் செல்களை ஃபைப்ரின் கூழில் கலந்து, வளையக்கூடிய இரண்டு சிலிக்கோன் தூண்களுக்கு இடையே வார்க்கிறார்கள். சில நாட்களில் அது நாராகத் திரண்டு தூண்களை இழுக்கிறது. தூண் எவ்வளவு வளைகிறது என்று வீடியோவில் அளந்தால் தசையின் விசை தெரிந்துவிடும்.

இந்த முறையின் முதல் பலம், குறிப்பிட்ட நோயாளியின் மரபணுவைச் சுமந்த தசையையே ஆராய முடிவது. பார்த் நோய்க்குறியை எடுத்துக்கொள்வோம். டாஃபாசின் மரபணுவில் ஏற்படும் பழுதால், பெரும்பாலும் ஆண் குழந்தைகளின் இதயத்தைத் தாக்கும் அரிய நோய் அது. பழுது செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால், ஆற்றல் பற்றாமல்தான் தசை தளர்கிறது என்று எண்ணத் தோன்றும். 2014இல் ஹார்வர்டைச் சேர்ந்த வில்லியம் பூ, கிட் பார்க்கர் குழுவினர் நோயாளிகளின் செல்களிலிருந்து திசு செய்து பார்த்தார்கள். திசு வலுவிழந்துதான் சுருங்கியது. ஆனால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் மொத்த அளவு குறைந்திருக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து மிகையாகக் கசிந்த வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளே சுருங்கு இழைகள் சரியாக அமையாமல் கெடுத்தன. அவற்றை அடக்கியபோது சுருங்கும் வலு மீண்டது. மூலக்கூறில் உள்ள பழுது எந்த வழியாகத் தசையின் தளர்ச்சியாகிறது என்பதைப் படிப்படியாகப் பின்தொடர, உயிருள்ள நோயாளியிடத்தில் வாய்ப்பே இல்லை.

இரண்டாவது பலம், ஒரு முழு நாராகத் திசு தரும் விடை. இதயச் செல்லில் பொட்டாசியத்தைக் கடத்தும் ஒரு குறிப்பிட்ட வாயிலை அடைக்கும் மருந்துகள் ஆபத்தான துடிப்புக் கோளாறை உண்டாக்கலாம். அதனால் புதிய மருந்துகளை அந்த வாயிலில் சோதிப்பது வழக்கம். வெராபமில் என்ற இதய மருந்து அதை அடைக்கக்கூடியது. அந்தச் சோதனையை மட்டும் நம்பினால் அந்த மருந்தையே ஒதுக்கியிருக்க வேண்டும். ஆனால் அது கால்சியம் வாயிலையும் சேர்த்தே அடைப்பதால் ஒன்றின் தீங்கை மற்றொன்று ஈடுசெய்கிறது. எல்லா வாயில்களும் ஒருசேர இயங்கும் மனிதத் திசுவில்தான் இந்தச் சமநிலை புலப்படும்.

குறைகளுக்கு வருவோம். முதன்மையான குறை வயது. ஸ்டெம் செல்லிலிருந்து பிறந்த இதயச் செல், கருவில் வளரும் சிசுவின் செல்லைத்தான் ஒத்திருக்கிறது. வளர்ந்தவரின் இதயக் கீழறைச் செல் நீண்ட கோல் வடிவம் கொண்டது. மின் தூண்டலைச் செல்லின் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் அதில் உண்டு. பெருமளவு கொழுப்பு அமிலத்தை எரித்தே அது ஆற்றல் பெறுகிறது. தூண்டல் வராமல் துடிக்காது. ஆய்வகச் செல் சிறியது, ஒழுங்கற்ற வடிவினது. நுண்குழாய்கள் சரிவர அமையாதது, குளுக்கோஸை நம்பியிருப்பது, தானாகவே துடித்துக்கொண்டிருப்பது. அது உண்டாக்கும் விசையும் வளர்ந்த இதயத் தசையின் விசைக்கு வெகு கீழே நிற்கிறது.

இந்தக் குறையை மனதில் கொண்டு பார்த் ஆய்வை மறுபடி வாசிக்க வேண்டும். ஏடிபி குறையவில்லை என்ற முடிவு குளுக்கோஸில் வாழும் இளம் செல்லுக்குப் பொருந்தும். கொழுப்பை எரித்து ஓயாமல் உழைக்கும் இதயத்திலும் அப்படித்தானா என்பதை அந்தத் திசுவால் மட்டும் சொல்ல முடியாது. ஆய்வின் மதிப்பு இதனால் குறையவில்லை. அதன் எல்லை எது என்பது தெளிவாகிறது.

செல்களை முதிரவைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோர்தானா வுன்யாக்-நோவகோவிச் குழுவினர் இளம் திசுவுக்கு மின் தூண்டலை நொடிக்கு 2 துடிப்பிலிருந்து 6 வரை படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். நுண்குழாய்களும், வளர்ந்தவரை நெருங்கும் மரபணு இயக்கமும் நான்கே வாரங்களில் தோன்றியதாக 2018இல் எழுதினார்கள். பெரிய முன்னேற்றம் இது. ஆயினும் ஓரிரு அடையாளங்கள் முதிர்ந்ததைக் கொண்டு முழுத் திசுவும் முதிர்ந்துவிட்டது என்று அறிவிக்கும் போக்கு இத்துறையில் பரவலாக இருக்கிறது. வடிவம், ஆற்றல், மின்னியல், விசை ஆகியவை ஒரே வேகத்தில் முதிர்வதில்லை.

இரண்டாவது குறை, திசுவைச் சுற்றி உடல் இல்லாதது. ஒவ்வாமைக்கான டெர்ஃபெனடின் மாத்திரை இதற்கு நல்ல சான்று. கல்லீரல் அதை வெகு விரைவில் தீங்கற்ற பொருளாக மாற்றிவிடுவதால் பெரும்பாலோருக்கு இதயத்தில் எதுவும் நேரவில்லை. பூஞ்சை நோய்க்கான கீட்டோகோனசோல் போன்ற மருந்தையும் சேர்த்து உட்கொண்டவர்களின் கல்லீரலில் அந்த மாற்றம் தடைபட்டது. மருந்து அப்படியே இதயத்தை எட்டி உயிராபத்தை விளைவித்தது. கடைசியில் அமெரிக்காவில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. தனித்து நிற்கும் இதயத் திசு, இந்த மருந்தின் தீங்கைக் கண்டுபிடிக்கும். யாருக்கு, எப்போது தீங்கு என்பதைச் சொல்லாது. ரத்தக் குழாய், நரம்பு, நோயெதிர்ப்புச் செல், ஹார்மோன் ஆகியவை அந்த நாரில் இல்லை, அல்லது அரைகுறையாக இருக்கின்றன. ரத்தக் குழாய் இல்லாததால் திசுவைத் தடிமனாக வளர்க்கவும் முடிவதில்லை. உள்ளே இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் எட்டாது.

மூன்றாவது குறை, யாருடைய செல் என்பது. உலகின் ஸ்டெம் செல் சேகரிப்புகளில் ஐரோப்பிய மரபினரின் செல்களே மிகுதி. இது நம்மை நேராகத் தொடும் விஷயம். ‘மையோசின் பிணைப்புப் புரதம்-சி’ மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் இந்தியாவில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் உள்ளது. அது இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்று தண்டபாணி, தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர் 2009இல் வெளியிட்டார்கள். அதைச் சுமப்பவர்களில் பலர் இளமையில் நலமாகவே இருக்கிறார்கள். நடுவயதுக்கு மேல்தான் ஆபத்து கூடுகிறது. அமெரிக்காவில் வாழும் தெற்காசியரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வு, இந்த விடுபாட்டோடு அதே மரபணுவில் இன்னொரு பிறழ்வையும் சுமக்கும் சிறு பகுதியினரையே குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்று காட்டியது. அவர்களின் ரத்தத்திலிருந்து உருவாக்கிய இதயச் செல்களும் அந்த ஆய்வில் பயன்பட்டன.

முறையின் பலமும் பலவீனமும் ஒருங்கே வெளிப்படுவது இங்கேதான். எந்தப் பிறழ்வு தசையின் இயக்கத்தை மாற்றுகிறது என்று பிரித்தறிய இதைவிட நல்ல வழி இன்று இல்லை. அதே பிறழ்வு ஐம்பது வயதுவரை ஏன் அடங்கிக் கிடந்தது என்று கேட்டால், சில வாரமே வயதான திசுவிடம் விடை இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ஆண்டுக்கணக்கான உழைப்பு எதையும் அது காணவில்லை.

சட்டம் இதற்குள் முந்திச் செல்கிறது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை அமெரிக்கா 2022 இறுதியில் தளர்த்தியது. இந்தியாவும் 2023இல் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, இத்தகைய திசுச் சோதனைகளுக்கு இடமளித்தது. விலங்குகளின் வதை குறையும் என்பதால் இது வரவேற்கத்தக்கது. ஆனால் பல ஆய்வகங்களில் இந்தச் செல்களை வளர்க்கும் மேட்ரிஜெல் எனும் கூழே எலியின் புற்றுக் கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. அது தொகுதிக்குத் தொகுதி மாறக்கூடியது. முடிவுகளும் கூடவே மாறலாம்.

எனவே, இம்முறை எந்தக் கேள்விக்குத் தகுந்தது என்பதைக் கறாராக வரையறுக்க வேண்டும். துடிப்பின் ஒழுங்கு, சுருங்கும் விசை, ஒற்றை மரபணுப் பழுது ஆகியவற்றில் எலியைவிட மனிதத் திசுவின் சொல்லுக்கே முதலிடம் தரலாம். முதுமையோடு வரும் இதயச் செயலிழப்பு, பல உறுப்புகள் சேர்ந்து விளைவிக்கும் தீங்கு ஆகியவற்றில் அதைத் தனிச் சாட்சியாக ஏற்கக் கூடாது. ஒவ்வொரு முடிவோடும் திசுவின் வயது, முதிர்ச்சி அளவுகள், செல் தந்தவர்கள் எத்தனை பேர், அவர்களின் பாலினம், மரபுப் பின்னணி ஆகியவற்றை வெளியிடுவது கட்டாயமாக வேண்டும். தமிழகம் உட்பட இந்தியக் குடும்பங்களின் செல்களைச் சேகரித்து, அதே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் மருத்துவர்கள் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடும் வேண்டும். திசு பழுதின் வழியைச் சொல்லும். அந்தப் பழுதைக் காலம் என்ன செய்தது என்பதை அந்தக் குடும்பங்கள் சொல்லும். இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் இந்தத் துறைக்குச் செலவிடும் பணமும் உழைப்பும் நம் நோயாளிகளுக்குச் சிகிச்சையாக வந்து சேரும்.