ஜெனீவா மாளிகைப் போட்டியும் அதன் தீர்ப்பும்

சர்வதேச சங்கம் ஜெனீவாவில் தனக்கென ஒரு மாளிகை அமைக்கக் கருதி நடாத்திய போட்டியின் தீர்ப்பு 1927ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வந்த திட்டங்கள் 377. பெல்ஜியக் கலைஞர் விக்ரர் ஹோர்ற்றா தலைமையில் அமர்ந்த நடுவர் ஒன்பதின்மரும், நெடிது ஆராய்ந்தும் ஒன்றைத் தெரிய இயலாதவராய், ஒன்பது திட்டங்களுக்கு முதற்பரிசை ஒப்பப் பகிர்ந்தளித்தனர். நடுவர் தொகையும் பரிசின் தொகையும் ஒத்திருந்தமை நோக்கற்பாலது.

பின்னாளிற் சண்டிகார் நகரை வகுத்த லெ கொர்புசியே, தம் உறவினர் பியர் ஜன்னரேயுடன் இப்போட்டிக்கு அனுப்பிய திட்டம், விதித்தவாறு இந்திய மையால் வரையப்படாமையால் தள்ளுண்டது என்பர். இக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. ஒன்பது முதற்பரிசுகளுள் ஒன்று அத்திட்டத்துக்கே கிடைத்தது. பிரெஞ்சு நடுவர் லெமாரஸ்கியே எழுப்பிய மைத்தடை பறித்தது, அதற்குக் கிட்டவிருந்ததாகக் கூறப்படும் தனிமுதன்மையையே. மை வெறும் சாட்டு. தூணும் முகப்பும் போற்றிய பழைய மரபினருக்கும், கட்டடத்தின் பயனையே முதலாகக் கொண்ட புதியோருக்கும் இடையே இருந்த பகைமையே அதன் பின்னின்றது.

புதியோர் இதனைத் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே எழுதிவந்தனர். லெ கொர்புசியே 1928இல் ஒரு நூலே வெளியிட்டார். எனினும் அவர் வழக்காளி; அவர் கூற்றை அவ்வளவிலேயே கொள்ளல் வேண்டும். நடுவருள் ஒருவரான சுவிற்சலாந்துக் கார்ல் மோசர், 1928இல் லா சராஸ் மாளிகையில் தோன்றிய நவீன கட்டடக் கலைஞர் பேரவையின் முதற் றலைவரானார். லெ கொர்புசியே அப்பேரவையை நிறுவியோருள் ஒருவர். கட்சி சார்ந்து அமர்ந்தவர் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தாரல்லர்.

இவற்றினும் பெரிய குற்றம் நடுவர் தம் கடனைக் கைவிட்டமையாகும். அவர் தீர்க்காது விட்டதைத் தீர்க்கும் பொறுப்பு இராசதந்திரிகள் ஐவரிடம் சென்றது. கலைஞர் அவையிற் கட்சி பேசுவோரும் வரைபடத்தைக் காட்டியே பேசுதல் வேண்டும். தூதுவர் அவையில் அந்தத் தடையும் இல்லை. அவ்வைவரும் பாரிஸ் நகரத்து நெனோவையும் ஜெனீவாவின் பிளெகென்ஹைமரையும் தெரிந்து, புரொஜி, வாகோ, லெபெவர் என்போரையும் உடன்சேர்த்தனர். பிரான்சு, சுவிற்சலாந்து, இத்தாலி, ஹங்கேரி என நாடுகளுக்குப் பங்கிட்டாற்போல அமைந்தது அப்பட்டியல்!

பின்னர் நிலமும் மாறிற்று. ஏரிக்கரையில் முன்னர்க் குறித்த இடத்தை விடுத்து, 1929இல் அரியானாப் பூங்காவில் அடிக்கல் நாட்டினர். போட்டிக்கு வந்த 377 திட்டங்களுள் ஒன்றேனும் அந்நிலத்துக்காக வரையப்பட்டதன்று.